யானைத் துவக்குக்கு ஒரு மாற்று வெடிமருந்து

வெடிமருந்து அலுமாரியின் சாவி இப்போது கவுண்டருக்குப் புதிதாக வந்த உங்கள் இருவரிடமும் இருக்கிறது என்று முதலாளி சொன்னார். நல்லது. இனிமேல் தும்முவதென்றாலும் அந்த அலுமாரிப் பக்கம் திரும்பாமல் தும்முங்கள்.

முதுகு ஒத்துழைக்காததால் ஐம்பது தாண்டியதும் நான் அந்தக் கவுண்டரை விட்டு வந்துவிட்டேன். வேலையை நான் விட்டேனே தவிர வேலை என்னை விடவில்லை. வீட்டில் உப்புப் போத்தலைக்கூட லேபலை வாசித்துவிட்டுத்தான் திறக்கிறேன். தராசை எப்படிச் சரிபார்ப்பது, டின்னை எப்படி அடுக்குவது, பதிவேட்டில் எங்கே கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் கையேட்டில் உண்டு. அதை நான் சொல்லப்போவதில்லை. கையேட்டில் இல்லாதது நான் விட்ட பிழைகள். அவற்றுள் பெரியதைச் சொல்கிறேன். அதன் விட்டம் ஏறக்குறைய அரை அங்குலம்.

முதலில் நான் அங்கே எப்படி வந்தேன் என்பது. கியூபெக்கின் சென்ட் லோரன்ட்டில் ஒரு பக்கம் விமானத்துக்குப் பாகம் செய்யும் ஆலை, மறுபக்கம் மாத்திரை செய்யும் ஆலை, நடுவில் வேட்டைச் சாமான் விற்கும் நம்முடைய கடை. இரண்டாயிரத்துகளின் தொடக்கம். வேலை கேட்டுப் போனேன். முதலாளி என் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இலங்கையா? அப்படியென்றால் துவக்கோடு பழக்கம் இருக்கும்."

"இருக்கிறது. சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. 'பாதுகாப்பு உணர்வு உள்ளவர்' என்று விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவனை, வந்த நாடு கூப்பிட்டு வெடிமருந்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தது. உலகத்துக்குச் சில நேரம் வேறு வேலை இருப்பதில்லை.

நம் கவுண்டருக்கு வருகிறவர்கள் தனி இனம் என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். கடையில் கிடைக்கும் தோட்டா அவர்களுக்குப் பிடிக்காது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் அழுத்தி, உள்ளே மருந்து நிரப்பி, மேலே பறந்துபோகும் ஈயச் சன்னத்தைப் பொருத்தித் தாங்களே தோட்டா செய்வார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கோதைக் குளிப்பாட்டுவார்கள். அவர்களில் ஒருவர்தான் யோசேப் அண்ணை.

யோசேப் அண்ணை கர்க்லாண்டில் இருந்தார். மட்டக்களப்புக்காரர், படுவான்கரைப் பக்கம். பக்கத்து விமான ஆலையில் பரிசோதகர் வேலை. உருப்பெருக்கியில் வலது கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய வெடிப்பை உலோகத்தில் கண்டுபிடிப்பார். அவருடைய வீடு, கார், இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வலது கண்ணில்தான் நின்றன. அதே கண்ணைத்தான் அவர் துவக்கின் பின்னாலும் வைப்பார்.

துவக்கு என்றால் சாதாரணத் துவக்கு இல்லை. யானை சுடுவதற்கென்று செய்த பெருந்துளை ரைபிள். யாரோ ஒரு கிழவர் இறந்து, அவர் வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியது. அதன் தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். கியூபெக் முழுவதும் தேடினாலும் மிருகக்காட்சிசாலையைத் தவிர வேறெங்கும் யானை கிடையாது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணை, இஞ்ச யானை இல்லையே. ஏன் இது?"

"அங்க யானை இருந்திச்சு, என்னட்டத் துவக்கு இல்ல. விளைஞ்ச வயலுக்குள்ள வந்து நிண்டு என்னையே பாக்கும். தகரத்தத் தட்டிக்கிட்டு நிண்டன். இஞ்ச துவக்கு இருக்கு, யானை இல்ல. ரெண்டில ஒண்டாவது கையில இருக்கட்டும் மனே."



ஒரு கோடையில், ஆலை விடுமுறைக்கு மூடியிருந்த வாரம், அவர் வெறும் டின் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். வைத்த விதம் ஒரு சவப்பெட்டியை வைப்பதுபோல் இருந்தது.

"இந்த மருந்தைச் செய்யிறத நிப்பாட்டிப் போட்டானாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணை. இனி வராது."

"ஆலையில என்ர போர்மன் என்னை மூஸ் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கான். பதினொரு வருசத்தில முதல் தரம். அதுக்கு முதல், வாற வெள்ளிக்கிழமை சுட்டுப் பழகிற ரேஞ்சுக்கு வா, சுட்டுக் காட்டு எண்டு சொல்றான். மறுகா நான் அங்க போய்த் தகரந் தட்ட ஏலா. இதுக்குக் கிட்டின மருந்து எது, அதத் தா."

இப்போது கவனியுங்கள். நம் கவுண்டரின் பின்சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது அல்லவா, எந்த மருந்து வேகமாக எரியும், எது மெதுவாக எரியும் என்று மேலிருந்து கீழாக இலக்கமிட்ட பட்டியல். அந்தத் தாளை நான் முதல் நாளிலிருந்தே மரியாதையோடு பார்த்து வந்தேன். ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்தான். பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி இலக்கம் போட்ட எந்தத் தாளைக் கண்டாலும் எங்களுக்குப் பரீட்சை முடிவு ஞாபகம் வரும். வகுப்பில் ஏழாம் பிள்ளை, எட்டாம் பிள்ளை. ஏழாம் பிள்ளை வராவிட்டால் எட்டாம் பிள்ளையைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பு. பெரிய வித்தியாசம் என்ன வந்துவிடப் போகிறது? நாங்கள் கல்யாணம்கூட அப்படித்தான் பேசினோம்.

ஆக, நான் திரும்பினேன். சுட்டுவிரலை யோசேப் அண்ணையின் மருந்தில் வைத்தேன். விரலை ஒரு வரி கீழே இறக்கினேன். அந்த ஒரு வரியை இறக்க எனக்கு அரை விநாடிகூடப் பிடிக்கவில்லை.

"இதை எடுங்கோ அண்ணை. உங்கடதுக்கு அடுத்தது. கொஞ்சம் ஆறுதலாய், மெதுவாய் எரியும், அதால உள்ளுக்க அழுத்தம் குறைவு. அதோட, பழைய அளவில இருந்து இன்னும் கொஞ்சம் குறைச்சே போடுங்கோ. ரெண்டு பக்கத்தாலயும் பாதுகாப்பு."

"இப்பிடிப் போடலாமெண்டு எங்கயாச்சும் எழுதிக் கிடக்கா?"

"நான் சொல்றன் அண்ணை."

பிள்ளைகளே, நாற்பது வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடிய மிக ஆபத்தான வசனம் இதுதான். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். உலோகத்தில் வெடிப்புத் தேடும் அந்தக் கண்ணால் என்னிலும் தேடியிருக்கலாம். ஆனால் தமிழன் தமிழனுக்குச் சொல்கிறான், பிறகென்ன. டின்னை எடுத்துக்கொண்டு, மெர்சி என்று முதலாளிக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பெருமை. இரட்டைக் கவனம் எடுத்துக்கொண்டேனே என்று. மெதுவாக எரிவது, அதையும் குறைத்துப் போடுவது. குறைத்துப் போட்ட உறைப்பினால் கறி கெட்டுப் போனதாக யாரும் சொன்னதில்லை என்பதுதான் என் விஞ்ஞானம்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறொரு விஷயமாக வெடிமருந்துக் கம்பெனியின் ஆலோசனை இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஒரு பெண் இருந்தார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்றால் அவர்தான். நான்கு வருடம் அவரோடு கதைத்தேன். பெயர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. என்னைவிட வயது குறைந்த குரல். எந்தக் கேள்விக்கும் அவருடைய முதல் பதில் "இல்லை". அதன் பிறகுதான் கேள்வி என்னவென்று கேட்பார். அன்று என் வேலை முடிந்ததும், சும்மா, கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்காக, யோசேப் அண்ணைக்குச் சொன்னதைச் சொன்னேன்.

வழக்கம்போல முதலில் "இல்லை" என்றார். பிறகு, "எந்த மருந்தளவுப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?" என்றார்.

"பட்டியலில் பார்த்தேன். அடுத்த இலக்கம்."

"அந்தப் பட்டியல் யாருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். இருவருக்கும் நடுவில் ஓர் அடி இருக்கிறதா, ஓர் ஆறே ஓடுகிறதா என்று சொல்லாது. அந்தத் துவக்கின் கோது பெரியது. அதற்குள் மெதுவான மருந்தைக் குறைத்துப் போட்டால் சரியாகத் தீப்பிடிக்காமல் போகலாம். சன்னம் வெளியே போகாமல் குழாயின் நடுவில் நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் பிளக்கும். அந்த மனிதர் இப்போது எங்கே?"

கடைசிக் கேள்வியை மற்ற எல்லாவற்றையும் சொன்ன அதே குரலில்தான் கேட்டார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டு யோசேப் அண்ணை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மனைவி ரெஜினா அக்கா எடுத்தார்.

"அவரா? விடியவே சப்பாத்துக்குப் பொலிஸ் போட்டுக்கிட்டு ரேஞ்சுக்குப் போயிட்டார். கலியாண மாப்பிள்ளை மாதிரி. ஏன் தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு சாமான் மாறிக் குடுத்திட்டன்."

"அவர்ர கைப்போன் இஞ்ச மேசையில கிடக்கு. கொண்டு போனா நான் கூப்பிட்டுக் கரைச்சல் குடுப்பனாம்."

என்னிடம் கார் இல்லை. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கடை வான் வண்டியின் சாவியை என்னிடம் எறிந்தார். அந்த வானை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். விளம்பரத்துக்காக அதன் கூரையில் ஆளுயரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூஸ் மான் பூட்டியிருந்தது. எழுபதுக்கு மேல் ஓட்டினால் மான் கழன்றுவிடும் என்று டாஷ்போர்டில் முதலாளியின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

எழுபதில் போனேன். அந்தக் காலையை நான் மறக்கவில்லை. நெடுஞ்சாலையில் என்னைக் கடந்துபோன ஒவ்வொரு காரிலிருந்தும் குழந்தைகள் மானுக்குக் கை காட்டினார்கள். ஒருவர் ஹோர்ன் அடித்துப் பெருவிரலை உயர்த்தினார். நானும் சிரித்தபடி கை காட்டினேன், வேறென்ன செய்ய. உள்ளே என் நெஞ்சு ஒரு மனிதனின் வலது கண்ணைச் சுமந்துகொண்டு ஓடியது, மேலே மான் நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை எண்பதைத் தொட்டேன். கூரையில் எதுவோ கிறீச்சிட்டது. மான் பறந்துபோய்ப் பின்னால் வருகிறவனின் கண்ணாடியை உடைத்தால் அதுவும் என் கணக்கில்தான். மீண்டும் எழுபது. அவசரத்தில் இன்னொரு பிழை விடாமல் இருப்பதுதான் அவசரத்தில் செய்யக்கூடிய ஒரே வேலை. இதை நான் ஒரு பிளாஸ்டிக் மானிடம் படித்தேன்.

சூட்டுத் திடலில் வானை நிறுத்தி இறங்கினேன். இருபது, இருபத்தைந்து அடி தூரத்தில் யோசேப் அண்ணை மேசையில் அமர்ந்து துவக்கில் கன்னத்தை வைத்திருந்தார். காதில் மூடி. பின்னால் போர்மனும் இரண்டு நண்பர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விசையை இழுத்தார். அந்தத் துவக்கு சுட்டால் வீட்டுக்குள் ஒரு அலுமாரி சரிந்த சத்தம் வர வேண்டும். வந்தது பழைய சூட்கேசைப் பூட்டிய சத்தம். பொத்.

போர்மன் சிரித்தார். யோசேப் அண்ணைக்கு வெட்கமாகியிருக்க வேண்டும், கழுத்து சிவந்தது. கோதை இழுத்து எறிந்தார். அதிலிருந்து எரியாத மருந்து மேசையில் கொட்டியதை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் கை அடுத்த தோட்டாவுக்குப் போயிற்று.

நான் ஓடினேன். திடல் அதிகாரி குறுக்கே கையை நீட்டினார். கண்ணாடி போடாமல், காதுமூடி போடாமல், வருகைப் புத்தகத்தில் எழுதாமல் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. அவர் சொன்னது சரி. அவருக்குப் பிரெஞ்சில் விளக்க வாயைத் திறந்தேன். குடிவரவாளருக்கான வகுப்பில் ஒன்பது மாதம் படித்த பிரெஞ்சு முழுவதும் என்னை விட்டுப் போயிருந்தது, வெளியே வந்தது, "இன்று வானிலை அழகாக இருக்கிறது." அவரும் வானத்தைப் பார்த்து, ஆமாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் வந்தது. என் நாட்டுக்காரர் எவரும் மறக்க முடியாத சொல். எங்கள் சண்டையைப் பற்றி எந்த மொழியில் செய்தி வந்தாலும் அந்த ஒரு சொல்லைத்தான் காது தேடும். ஆங்கிலத்தில் தெரியும், சிங்களத்தில் தெரியும், சமாதானம் பேச வந்த நோர்வேக்காரன் என்ன சொல்வான் என்றுகூடத் தெரியும். வயிற்றிலிருந்து கத்தினேன்.

"செஸே ல ஃபூ!"

சூட்டை நிறுத்து. திடலில் யார் அந்தச் சொல்லைக் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். அதிகாரி என்னைக் கேள்வி கேட்கவில்லை. கம்பத்திலிருந்த மின் ஆளியைத் தட்டினார். வரிசை முழுவதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பதினான்கு மேசைகளில் பதினான்கு பேர் துவக்கைக் கீழே வைத்துக் கையை எடுத்தார்கள். யோசேப் அண்ணையும் வைத்தார். தோட்டா பாதி உள்ளே போயிருந்தது. என் வாழ்க்கையில் நான் கேட்ட போர்நிறுத்தங்களில் சொன்னவுடனே நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவரிடம் போனேன். காதுமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்னத்துக்கு இஞ்ச? அந்த மானையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கா."

"அண்ணை, அந்தத் தோட்டாவை வெளியில எடுங்கோ. பேந்து குழாய்க்குள்ளால ஒருக்காப் பாருங்கோ."

"ரெண்டு வடிவா வெடிச்சிச்சு. நீ வந்தாப் பிறகுதான் மூண்டாவது இப்பிடி. உன்ர கண்ணூறு."

"பாருங்கோ அண்ணை."

தோட்டாவை எடுத்து, துவக்கின் பின்பூட்டைக் கழற்றி, குழாயை வானத்துக்குப் பிடித்து, பின்பக்கமாகக் கண்ணை வைத்தார். அவர் பரிசோதகர் அல்லவா, அவசரப்படவில்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு போர்மனிடம் நீட்டினார். போர்மனும் பார்த்தார். நல்ல வெயில். குழாய்க்குள் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. சன்னம் நடுவில் இறுகி நின்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த மூன்று வெள்ளைக்காரருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு நின்றது.

போர்மன், "மருந்து பழுதா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். ஒரு 'ஆமாம்' போதும். டின் பேசாது. கம்பெனி எங்கோ தூரத்தில். யோசேப் அண்ணைக்கும் அதுதான் வசதி, பழுதான மருந்தை வாங்கியவர் என்றால் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். அதுவரை ஒளிந்திருந்த பிரெஞ்சு, எனக்கு வேண்டாத நேரம் பார்த்துத் தெளிவாகத் திரும்பி வந்தது.

"மருந்தில் பிழை இல்லை. நான்தான் ஊகித்துச் சொன்னேன். இவர் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை."

போர்மன் என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார், மானைப் பார்த்தார். "அந்தக் கடையா?" என்றார். "நானும் அங்கேதான் வாங்குகிறேன்." பிறகு யோசேப் அண்ணையின் தோளில் கையை வைத்து, வேட்டைக்குத் தன்னுடைய இரண்டாவது துவக்கைத் தருவதாகச் சொன்னார். யோசேப் அண்ணை என் பக்கம் திரும்பாமல் பெட்டியைக் கட்டினார்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார். நான் புத்தகத்தை முன்கூட்டியே எடுத்துத் திறந்து வைத்திருந்தேன். அதில் அவருடைய துவக்குக்கென்று அச்சிட்ட பக்கத்தில் நான் கொடுத்த மருந்தின் பெயர் இல்லவே இல்லை. வேறு இரண்டு இருந்தன. ஒன்று பட்டியலில் எங்கோ ஒன்பது வரி தள்ளி. அதைக் காட்டினேன். தலையசைத்தார். பிறகு மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியோடு வைத்தார், பிரித்து எடுக்க. எண்ணினேன். ஆறு.

"அண்ணை, பத்துச் செய்தது எண்டு பெட்டியில எழுதியிருக்கிறியள். ரெண்டு வெடிச்சது, ஒண்டு இறுகினது. ஏழு இருக்க வேணும்."

அவர் கூரையைப் பார்த்தார். "மற்றது மாதாவிட்ட."

"எங்க?"

"உன்ர ரெஜினா அக்கா. கண் தப்பினதுக்கு மாதாவுக்கு நேர்ந்து, சுருவத்துக்கு முன்னால வச்சிருக்கா. ரெண்டு பக்கமும் மெழுகுதிரி."

இரண்டாவது தடவையாக அந்த மான் வண்டியில் ஏறினேன். யோசேப் அண்ணை காரில் முன்னால் போனார். நான் எழுபதில் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றார், உள்ளே போகத் தைரியமில்லாமல். வரவேற்பறை மூலையில் மாதா சிலை, கீழே வெள்ளைத் துணி, அதன்மேல் என் நடுவிரல் நீளத்தில் பித்தளை மின்னும் தோட்டா, இருபுறமும் எரியும் மெழுகுதிரி. நான் முதலில் மெழுகுதிரியை ஊதி அணைத்தேன்.

"தம்பி, என்ன வேலை பாக்கிறா? நீ சைவம், உனக்குத் தெரியாது. நேர்ந்ததத் திருப்பி எடுக்கப் படாது."

"அக்கா, எடுக்க இல்லை. உள்ள இருக்கிற மருந்தையும் அடியில இருக்கிற கேப்பையும் மட்டும் கழட்டித் தாறன். மாதாவுக்கு அதுகள் தேவையில்லை."

"குறைச்சுக் குடுக்கவா சொல்றா?"

"குறைச்சுப் போடச் சொல்லித்தான் அக்கா இவ்வளவும் வந்தது. இது குறைக்கிறது இல்லை, வெறுமையாக்கிறது."

யோசேப் அண்ணை வாசலில் நின்றபடி, "குடு ரெஜினா," என்றார். அக்கா கொடுத்தார். கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். மருந்தைக் கொட்டி, கேப்பைக் கழற்றி, சன்னத்தை மீண்டும் பொருத்தினேன். பார்த்தால் பழைய தோட்டாவேதான். அதுதான் பயமாக இருந்தது. பிறகு துளைபோடும் இயந்திரத்தில் பிடித்து, கோதின் நடு வயிற்றில் ஒரு கடலை அளவு ஓட்டை போட்டேன். உள்ளே ஒன்றுமில்லை என்பது எட்டத்தில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன். ரெஜினா அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஓட்டைச் சாமானையா மாதாவுக்கு முன்னால வைக்கிறது?"

"ஓட்டை இல்லாமல் நான் தரமாட்டன் அக்கா."

என்னை முறைத்தார். பிறகு கொண்டுபோய் வைத்தார், ஓட்டை சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க. அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் நான் எழுந்துபோய் அதை முன்பக்கம் திருப்பி வைத்தேன். அடுத்த தடவை போனபோது மீண்டும் சுவரைப் பார்த்து இருந்தது. நான் மீண்டும் திருப்பினேன். யோசேப் அண்ணை வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கர்க்லாண்டுக்குப் போகிறேன். அக்கா குசினிக்குப் போகும்வரை காத்திருக்கிறேன்.